கோரம்

சங்க விதி எண் ஒன்பதின்படி
பதினேழு பேர் இருந்தால்தான் கூட்டம்.
நான் செயலாளரான மூன்று ஆண்டுகளில்
பதினேழு பேரைச் சேர்ந்தாற்போல் பார்த்தது
பெள்ளிராஜ் மகள் கல்யாணப் பந்தியில்தான்.

அன்றைக்கும் கோத்தகிரியில்
மாலை நாலுக்கே மேகம் தரையிறங்கிவிட்டது.
அங்கன்வாடிக்குப் பக்கத்து அறை.
மடக்கு நாற்காலிகள்.
ஒரு ட்யூப்லைட், அதுவும் யோசித்து யோசித்து எரிவது.
போண்டா உண்டு என்று நான் அனுப்பிய பொய்யை நம்பி
என்னையும் சேர்த்துப் பத்தொன்பது பேர்.

பொருள் ஒன்று: தண்ணீர்.
ஒன்பது நாளுக்கு ஒருமுறை வருவது
கீழ் வரிசைக்கு ஒரு மணி நேரம்,
மேல் வரிசைக்கு வெறும் காற்று.
வால்வு சாவி யார் வீட்டில் இருக்கிறது
என்று கேட்டார் குரியாக்கோஸ்.
கேட்ட விதத்தில்
எஸ்தர் டீச்சர் கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தார்.
அவர் எழுந்தால் மேல் வரிசையே எழும்.
"அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைக்கப்பட்டது"
எழுதி எழுதி
அந்த ஒரு வரியில் மட்டும்
என் கையெழுத்து அழகாகிவிட்டது.

டீச்சர் கதவைத் திறந்தார்.
திறந்த வேகத்தில் சாத்தினார்.
"கரடி" என்றார்,
வருகைப் பதிவேடு வாசிக்கும் குரலில்.

சன்னல் வழியே பார்த்தோம்.
அங்கன்வாடிக் கதவை நெஞ்சால் தள்ளித் திறந்து
சமையல் எண்ணெய் டின்னைக் கட்டிக்கொண்டு
படியில் உட்கார்ந்திருந்தது,
எங்களில் யாருக்கும் வாய்க்காத நிதானத்தோடு.

வனத்துறைக்குப் போன் செய்தேன்.
வண்டி குஞ்சப்பனையில் யானை விரட்டப் போயிருக்கிறதாம்.
"சத்தம் போடாம இருங்க சார், அதுவா போயிடும்."

சத்தம் போடாமல்
எங்கள் சங்கம் இருந்த
முதல் இரண்டு மணி நேரம் அது.

கிசுகிசுப்பில் சண்டை போட முடியாது.
முயன்று பார்த்தோம்.
"நீங்க மோட்டார் வச்சு உறிஞ்சுறீங்க" என்பதை
மூச்சுக் குரலில் சொன்னால்
பரிவாகக் கேட்கிறது.
குரியாக்கோஸ் காதைக் கிட்டே கொண்டுபோனார்.
டீச்சர் இரண்டாம் முறை சொன்னார்.
ஆமாம், என்றார் அவர்.
ஆறு மாதமாக.
அம்மச்சி படுக்கையில். ஒரு நாளைக்கு நாலு விரிப்பு.
டீச்சர் கைப்பையைத் தரையில் வைத்தார்.

ஏழேகாலுக்குள்
வால்வு சாவி மாதம் ஒரு வீட்டில்,
மேல் வரிசைக்கு முதல் அரை மணி.
போன நவம்பர் மழையில் சரிந்த தடுப்புச் சுவருக்கு
வீட்டுக்கு ஆயிரத்து இருநூறு.
ஹோம்ஸ்டே ஹேமந்த்
விருந்தாளிகளின் மிச்சப் பிரியாணியை
இனித் தெருத் தொட்டியில் கொட்டுவதில்லை;
சன்னலைப் பார்த்துக்கொண்டே ஒப்புக்கொண்டார்.
பொருளாளர் ஜமீலா
போன் வெளிச்சத்தில் சந்தா பாக்கி வசூலித்தார்,
வெளியே போக வழியில்லாதவர்களிடம்,
நாலாயிரத்து அறுநூறு.

பொருள் ஏழு: கரடித் தொல்லை.
கூண்டு வைத்துப் பிடிக்கக் கோரி மனு.
கைகள் உயர்ந்தன.
வெளியே டின் உருளும் சத்தம்.
ஒருமனதாக நிறைவேறியது.

எப்போது போனதென்று தெரியவில்லை.
படியெல்லாம் எண்ணெய்.
எண்ணெயில் ஒரு காலடி,
ஏறக்குறைய நம்முடையது மாதிரி,
விரல்கள் தேயிலைச் சரிவைப் பார்த்தபடி.
பெள்ளிராஜ் டார்ச் அடித்து
ஒவ்வொருவரையும் வாசல்வரை கொண்டுபோய் விட்டார்.
கடைசியில் அவரைக் கொண்டுபோய் விட
நாலு பேர் போனோம்.

நேற்று அடுத்த கூட்டம்.
ட்யூப்லைட் மாற்றியாகிவிட்டது.
சுவருக்கு ஜல்லி வந்து இறங்கியிருக்கிறது.
சாவி போன வாரம் காணாமல் போய்
நேற்றுக் காலை கிடைத்தது.
இந்த முறை போண்டா நிஜமாகவே இருந்தது.
என்னையும் சேர்த்து ஆறு பேர்.

"மனு போயாச்சா?" என்றார் டீச்சர்.
பதினெட்டுக் கையெழுத்து ஆயிற்று டீச்சர்,
ஒன்றுதான் பாக்கி.
யாருடையது என்று அவர் கேட்கவில்லை.

போண்டாத் தட்டை மூடி வைத்துவிட்டுக்
கதவை ஒருக்களித்துத் திறந்தேன்.
மேகம் உள்ளே வந்தது.
இன்னும் பதினோரு பேர் வர வேண்டும்.